ஜெர்சி கேட்ட ஞாயிற்றுக்கிழமை

எனக்கு டிப்ளமா இருக்கிறது. ஜெர்சிக்கு இல்லை. இதைப் பெருமைக்காகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. எங்கள் பேட்சில் சேர்ந்த பதினான்கு பெண்களில் பதின்மூன்று பேர் பாஸ். பரீட்சை எழுதி ஃபெயில் ஆகக்கூட வாய்ப்பில்லாமல் போனவள் அவள் ஒருத்திதான். அவள் பேச்சு வந்தால் ஹாஸ்டலில் இன்னமும் சிலர் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார்கள். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். திமிர் பிடித்தவள்தான். நானே அவள் காதுபடத் திட்டியிருக்கிறேன். ஆனால் அவளைப் பற்றி இல்லாததைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை போட்டவள் நான், அவளைப் பற்றிச் சரியாகச் சொல்ல எனக்குத்தான் உரிமை.

நான் காவேரி. ஊர் செய்யாறு பக்கம். பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் ஜவுளிக்கடையில் நின்று கால் வீங்கிப்போய் இங்கே வந்தவள் என்பதால் பேட்சில் எல்லோருக்கும் அக்கா. ஒரகடத்தில் கார்களுக்கு வேண்டிய ஒயர் கட்டுகளைச் செய்கிற கம்பெனி எங்களுடையது. வேலையும் பார்க்கலாம், மூன்று வருடத்தில் எலக்ட்ரிகல் டிப்ளமாவும் வாங்கலாம் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆள் பிடித்தார்கள். டிப்ளமா கொடுக்கிற காலேஜ் எங்கோ வேறு மாவட்டத்தில் இருக்கிறது. அதன் கட்டடத்தை ஐடி கார்டில் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான்.

பதின்மூன்று பேர் சேரப்பணஞ்சேரி ஹாஸ்டலில் இருந்தோம். ஜெர்சி மட்டும் உள்ளூர்க்காரி. பிள்ளைப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். அப்பா பெரியநாயகம் ஒரு குடோன் கேட்டில் செக்யூரிட்டி. அம்மா செல்வமேரி இன்னொரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்குகிறவர். ஒல்லியாக, நெற்றி பெரிதாக, எதைச் சொன்னாலும் "எதுக்கு?" என்று கேட்கிற பெண். ஏற்கெனவே எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த "எதுக்கு?" எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

அவள் கொரோனா பேட்ச். பத்தாவது முழுக்கப் போனில் படித்தவள். வீட்டில் இருந்ததோ ஒரே போன், அதுவும் அப்பாவுடையது. அப்பாவுக்குப் பகல் டியூட்டி வந்தால் போனும் டியூட்டிக்குப் போய்விடும். மகளுக்கு ஆப்சென்ட் விழக்கூடாது என்று அந்த மனுஷன் வகுப்பை ஆன் செய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாராம்.

"எனுக்கு நடத்துன பாடத்த லாரி டிரைவருங்கதான்க்கா கேட்டாங்க" என்று ஜெர்சி ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். "சயின்ஸ் டீச்சர் ஒளிச்சிதறல் நடத்திகினு இருப்பாங்க. எங்கப்பா 'பின்னாடி போ, பின்னாடி போ, ஒடிச்சிக்கோ'ன்னு கத்திகினு இருப்பாரு. அட்டென்டன்ஸ் மட்டும் எனுக்கு ஃபுல்லு."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அந்த வருடம் அரசாங்கம் எல்லோரையும் பாஸ் போட்டது. அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் இவர்களுக்கு "கொரோனா பாஸ்" என்று பட்டப்பெயர். எங்கள் கம்பெனி இன்டர்வியூவிலும் ஒரு ஆள் அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தானாம். அதை அவள் மறக்கவே இல்லை. படிக்காமல் பாஸ் ஆனவள் என்கிற பேச்சு அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அவளுக்கு ஒரே ஆசை. லைனில் மெஷின் நின்றுவிட்டால் சாம்பல் நிறச் சட்டை போட்ட மெயின்டனன்ஸ் ஆள் வந்து மின்சாரப் பெட்டியான பேனலைத் திறப்பான். நாங்கள் எல்லோரும் அந்த ஐந்து நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வோம். ஜெர்சி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்ப்பாள். "உன் ஸ்டேஷன்ல நில்லும்மா" என்று சூப்பர்வைசர் விரட்டுவார். அந்தச் சாம்பல் சட்டை அவளுக்கு வேண்டும். ஒயரைக் கட்டிக்கட்டி அடுக்குகிற வேலையை விட்டு, பேனலுக்குள் கை வைக்கிற வேலை. டிப்ளமா முடித்தால் கேட்கலாம், ஆனால் கம்பெனி நம் கையில் கரண்ட் பார்க்கிற மீட்டரைக் கொடுத்து, நின்றுபோன மோட்டாரை ஓட வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கும்.

இங்கேதான் ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

வாரத்தில் ஐந்து நாள் ஆன்லைன் வகுப்பு, ஞாயிறு மட்டும் நேரடி வகுப்பு என்பது ஏற்பாடு. ஒரகடம் கூட்ரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடியில் ஒரு ரூம். உள்ளே ஒரு பேனல், ஒரு மோட்டார், இரண்டு மீட்டர். அதில் ஒன்று வேலை செய்யாது. ஃபேன் சுற்றுகிற சத்தம்தான் வரும், காற்று வராது. நேரடி வகுப்பு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரண்டு வகுப்புக்கும் வாத்தியாரான மோகன் சார் வந்து பூட்டைத் திறந்துவிட்டு, "டயக்ராம் பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பார். சந்தேகம் கேட்டால், "ஆன்லைன்ல சொன்னேனே, கவனிக்கலையா?" என்பார். ஆன்லைனில் கேட்டால், "அது பிராக்டிகல், சண்டே பாத்துக்கலாம்" என்பார். மனுஷன் இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கி இரண்டு பக்கமும் நழுவுவார்.

ஆனால் பேனல் இருந்தது. அதைத் தொடலாம். ஜெர்சிக்கு அது போதும்.

ஒரு ஞாயிறு அவள் ஒயரை மாற்றிக் கொடுத்து ஸ்விட்சைப் போட, டப் என்று கடை, மாடி, பக்கத்து டீக்கடை எல்லாம் கரண்ட் போய்விட்டது. கீழே இருந்து ஹார்டுவேர் கடைக்காரர் கத்துகிறார். மோகன் சார், "யாரும்மா உன்னத் தொடச் சொன்னது?" என்று எகிறுகிறார். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வந்த கடுப்பில் நாங்களும், "போதும் விடுடி, வூட்டுக்குப் போலாம்" என்றோம். அவள் விடவில்லை. கரண்ட் வந்ததும் ஒவ்வொரு ஒயராக மீட்டரை வைத்துப் பார்த்து, கழற்றி, மாட்டி, மறுபடி போட்டாள். மோட்டார் சுற்றியது, ஆனால் தலைகீழாக. இரண்டு ஒயரை இடம் மாற்றி மாட்டினாள். சரியாகச் சுற்றியது. உடனே அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றிப்போட்டு, "இப்ப நீ பண்ணுக்கா" என்றாள் என்னிடம். எனக்கு அறையலாம் போல இருந்தது. ஆனாலும் செய்தேன். மோட்டார் என் கையால் சுற்றியபோது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

இனி ஆன்லைன் வகுப்பின் லட்சணத்தைச் சொல்கிறேன். தினமும் மதியம் மூன்று மணிக்கு. எங்களுக்கோ மூன்று ஷிஃப்ட், வாராவாரம் மாறும். இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் அந்த நேரம் லைனில் நிற்பார்கள். முதல் ஷிஃப்ட் ஆட்கள் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். மூன்றாம் ஷிஃப்ட் ஆட்கள் கட்டிலில் பிணம் மாதிரி கிடப்பார்கள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இந்த வகுப்பை யார் கேட்பார்கள் என்று காலேஜுக்கும் கவலையில்லை, கம்பெனிக்கும் கவலையில்லை. ஆனால் எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். ஞாயிறு தவிர மாதத்தில் ஒன்றிரண்டு நாள் முறை வைத்து லீவு கொடுப்பார்கள். அன்றைக்கு யாருக்கு அந்த லீவோ அவள் எல்லோருடைய போனையும் வாங்கி வரிசையாகக் கட்டிலில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார வேண்டும். இதற்குப் பெயர் போன் மேய்க்கிறது. "இன்னைக்கு யார்டி மேய்க்கிறது?" என்றுதான் காலையில் கேட்போம். சார் பெயர் கூப்பிட்டால் அந்தப் போனில் "பிரசென்ட் சார்" என்று தட்டிவிட வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் மைக்கை ஆன் செய்து குரலை மாற்றிச் சொல்ல வேண்டும். மற்ற போன்களின் சத்தத்தைக் குறைக்க மறந்தால் எல்லாம் சேர்ந்து நாய் ஊளையிடுகிற மாதிரி கூவும். தெற்கேயிருந்து வந்த எங்கள் பேட்ச் இசக்கி ஒருமுறை மறந்துவிட்டாள். "என்னம்மா சத்தம்?" என்றார் சார். "மழ பெய்யுது சார்" என்றாள் இவள், ஒன்பது போனில் எதிரொலியோடு. வெளியே கத்திரி வெயில். அவரும் சரி சரி என்று பாடத்தைத் தொடர்ந்தார்.

ஜெர்சி ஆரம்பத்தில் இதற்கு வரவில்லை. முதல் ஷிஃப்டில் இருந்தால் பஸ்ஸிலேயே காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள், கேட்பது மட்டுமில்லாமல் சந்தேகமும் கேட்பாள். அவள் கேட்டால் வகுப்பு நீளும். வகுப்பு நீண்டால் மேய்க்கிறவள் திட்டுவாள். இரண்டாம் ஷிஃப்ட் வரும் வாரங்களில் அவளுக்கு நேராக ஆப்சென்ட்தான். நேர்மையாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு அது. வருகை எழுபத்தைந்தைத் தொட்டுக்கொண்டு, இன்னும் ஓர் ஆப்சென்ட் விழுந்தால் பரீட்சை இல்லை என்கிற நிலைமை வந்ததும், வேறு வழியில்லாமல் ஒரு நாள் ஹாஸ்டல் வாசலுக்கு வந்து போனை நீட்டினாள்.

"வாம்மா மகராசி" என்றாள் இசக்கி. "அப்பொ ஒனக்கும் மொற உண்டு பாத்துக்க. லீவு அன்னிக்கு இங்க வந்து உக்காரணும்."

"வரேன்" என்றாள் ஜெர்சி. முகம் செத்துப்போயிருந்தது.

அந்த வாரமே காலேஜ் ஒரு வேலை செய்தது. வகுப்பு நடுவில் ஒரு கேள்வி அனுப்பினார்கள். உங்களுக்கு எது விருப்பம், ஆன்லைன் வகுப்பா, நேரடி வகுப்பா? அதிகம் பேர் ஆன்லைன் என்று சொன்னால் அடுத்த மாதம் முதல் ஞாயிறு வகுப்பு கிடையாது, பிராக்டிகல் எல்லாம் வீடியோ. அன்றைக்கு மேய்த்தவள் இசக்கி. பதினான்கு போனையும் வரிசையாக எடுத்து ஆன்லைன், ஆன்லைன், ஆன்லைன் என்று அமுக்கிக்கொண்டே போனாள். அதில் ஜெர்சியின் போனும் ஒன்று. மாலையில் மோகன் சார் குரூப்பில் போட்டார்: நம் மாணவிகள் நூற்றுக்கு நூறு பேர் ஆன்லைன் வகுப்பையே விரும்புகிறார்கள், வாழ்த்துகள்.

மறுநாள் ஜெர்சி ஹாஸ்டலுக்குள் வந்த வேகத்தைப் பார்த்து நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"யார்டி என் போன்ல அமுக்குனது?"

"நான்தான்" என்றாள் இசக்கி, துணி மடித்துக்கொண்டே. "எல்லாத்துலயும் ஒண்ணு போலத்தான அமுக்க முடியும்? ஒனக்குன்னு தனியா ஞாவகம் வச்சிக்கிடவா முடியும்?"

"எனுக்கு கிளாஸ் வேணும்னு உனுக்குத் தெரியாது? சும்மாவா ஞாயித்துக்கெழமன்னா மொத ஆளா வந்து நிக்கிறேன்?"

"நீ நிப்ப. ஒங்க வீடு இங்க இருக்கு, ஒங்கம்மா சோறு பொங்கி வச்சிருப்பா. எனக்கு அந்த ஒரு நாளுதான். துணி தொவைக்கணும், தலைக்கு ஊத்தணும், அம்மைக்கு போன் பேசணும், தூங்கணும். அந்த மாடியில போயி வெந்து சாவணுமா? அந்த ஆளு என்னத்தச் சொல்லித் தாராரு?"

"அந்தாளு வோணாம். பேனல் வேணும். ஒயரத் தொடாத இன்னா படிப்பு இது? வீடியோல கைய வுட்டு மீட்டரப் புடிப்பியா?"

"நான் வீடியோவ நாலு தடவ திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கேன், தெரியுமா? துணி தொவைக்கையில கேக்கேன். எனக்கு மண்டையில லேட்டாத்தான் ஏறும். கிளாஸ்ல ரெண்டாந்தடவ கேட்டா அந்த ஆளு எல்லாரு முன்னாடியும், 'உனக்கெல்லாம் எதுக்கும்மா எலக்ட்ரிகல்'னு கேட்டாருல்லா? வீடியோ அப்படிக் கேக்காது."

இசக்கி சொன்னதில் பொய் இல்லை. எனக்குமே ஞாயிற்றுக்கிழமை தூக்கம்தான் பெரிது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஒரு பெண்ணிடம் ஆறு நாள் உடம்பைப் பிழிந்து வேலை வாங்கிவிட்டு, மிச்சம் இருக்கிற ஒரு நாளில் உனக்குப் படிப்பு வேண்டுமா தூக்கம் வேண்டுமா என்று கேட்பது என்ன கேள்வி? அந்தக் கேள்வியை ஆன்லைன், நேரடி என்று மாற்றிக் கேட்டார்கள். கேட்டவர்களை விட்டுவிட்டு நாங்கள் எங்களுக்குள் முடியைப் பிடித்துக்கொண்டோம்.

"என் ஓட்ட நான் போடணும். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு ஜெர்சி மோகன் சாருக்குப் போன் செய்தாள், எங்கள் எல்லோர் முன்னாலும், ஸ்பீக்கரில் போட்டு.

"சார், அந்த ஓட்டு நான் போடல சார்."

"உன் நம்பர்லேருந்துதானம்மா வந்திருக்கு."

"போட்டது நான் இல்ல சார்."

"அப்போ அந்த நேரத்துல உன் போன் யார்கிட்ட இருந்தது?"

அவள் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும், பதின்மூன்று பேருடைய வருகையும் போயிருக்கும். இசக்கி கையில் பிடித்திருந்த சுடிதார் அப்படியே நின்றது. ஜெர்சி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"தெரியல சார்" என்றாள்.

"வெள்ளிக்கிழமை தாளாளர் ஐயாவும் உங்க கம்பெனி ஹெச்ஆர் மேடமும் ஆன்லைன் கிளாஸுக்கு வராங்க. ஸ்டூடன்ட்ஸ் கருத்து கேக்கறதுக்குன்னே வராங்க. அங்க சொல்லு." அவர் போனை வைத்துவிட்டார்.

அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்கிறவர்கள் யாரும் இந்தத் "தெரியல சார்" பற்றி வாயைத் திறப்பதில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை ஜெர்சிக்கு லீவு. அதாவது மேய்க்கிற முறை அவளுக்கு. வேறு யாரையாவது உட்கார வைக்கலாமா என்று பேசினார்கள், யாருக்கும் லீவு இல்லை. "யாரு பேரக் கூப்புட்டாலும் ஆன்லைன்தான் சார் வசதின்னு சொல்லிரு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று இசக்கி சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனாள். போகும்போது என்னிடம், "அக்கா, நீ பக்கத்துலதான இருப்ப, கொஞ்சம் பாத்துக்க" என்றாள். எனக்கு மூன்றாம் ஷிஃப்ட். கண் எரிந்தது. சரி சரி என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் சுருண்டுகொண்டேன்.

பேச்சுச் சத்தத்தில் விழித்தேன். ஜெர்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கட்டிலில் தலையணையை வரிசையாக வைத்து எல்லாப் போனையும் சாய்த்து நிறுத்தியிருந்தாள். அவள் போனிலிருந்து தாளாளர் பேசிக்கொண்டிருந்தார், தொழில்நுட்பம், புரட்சி, உலகம் உள்ளங்கையில் என்று. பிறகு மோகன் சார், "மாணவிகள் தங்கள் கருத்தைச் சொல்லலாம்" என்றார்.

ஜெர்சி தன் போனில் மைக்கைப் போட்டாள். "சார், நான் ஜெர்சி. எனுக்கு நேரடி வகுப்பு வேணும் சார். பேனல் தொட்டுக் கத்துக்கினாதான் கம்பெனில டெஸ்ட் பாஸ் பண்ண முடியும். வீடியோல பாத்து கை வராது சார். ஞாயித்துக்கெழம கிளாஸ எடுக்காதீங்க."

"ஒருத்தருடைய கருத்து" என்றார் தாளாளர், ரொம்ப மரியாதையாக. "மெஜாரிட்டி என்ன சொல்றாங்கன்னு பாக்கணும் இல்லையாம்மா?"

"ஆமாங்க ஐயா" என்றார் மோகன் சார். "இசக்கி, நீங்க சொல்லுங்க."

ஜெர்சி கை இசக்கியின் போனை நோக்கிப் போனது. அதை எடுத்து, குரலை மாற்றி, ஆன்லைன்தான் சார் வசதி என்று சொல்ல வேண்டும். தான் இப்போது கேட்டதைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். பதின்மூன்று முறை. கை அந்தரத்தில் நின்றது.

"இசக்கி? லைன்ல இருக்கீங்களா?"

அவள் போனை எடுக்கவில்லை. விரலால் கேமராவைத் தட்டினாள். இசக்கி என்று பெயர் போட்ட கட்டத்தில் ஜெர்சி முகம் வந்தது. நான், "ஏய், இன்னாடி பண்ற?" என்று எழுந்தேன். அவள் திரும்பவில்லை. அடுத்த போன், அடுத்த போன் என்று தட்டிக்கொண்டே போனாள். கடைசியில் தன் போன். பதினான்கு கட்டத்திலும் அதே நெற்றி, அதே கண். நான் பிடுங்கியிருக்கலாம். ஒரு எட்டுதான். பிடுங்கவில்லை.

அந்தப் பக்கமிருந்து ஹெச்ஆர் மேடத்தின் குரல். "எல்லா விண்டோலயும் ஒரே வீடியோ வருதே? ஏதாவது டெக்னிக்கல் ப்ராப்ளமா?"

"ஆமா மேடம்" என்றார் மோகன் சார் பட்டென்று. "நெட்வொர்க். அந்தப் பக்கம் டவர் வீக்."

"நெட்வொர்க் இல்ல மேடம்" என்றாள் ஜெர்சி. "நான்தான் எல்லாம். நான் ஒருத்திதான் இங்க கீறேன். மத்தவங்கல்லாம் உங்க லைன்ல நின்னுகினு கீறாங்க, நீங்களே போய்ப் பாருங்க. தெனமும் இப்படித்தான். இந்த கிளாஸ யாருமே—"

மைக்கை அந்தப் பக்கமிருந்து அணைத்துவிட்டார்கள். அவளுக்கு அது தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். ரூமில் அவள் குரல் கணீரென்று கேட்கிறது, போனில் பதினான்கு வாய் சத்தமில்லாமல் அசைகிறது. "யாராச்சும் கேளுங்க சார், ஒரு நாள் கேளுங்க" என்று அவள் சொன்னது எனக்கும் சுவருக்கும்தான் கேட்டது. தாளாளர், நல்ல ஆர்வமான மாணவிகள் என்று பாராட்டிவிட்டு, வேறு மீட்டிங் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். மேடமும் கிளம்பினார். அவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். பதினான்கு பேரை மூன்று ஷிஃப்டில் பிரித்துப் போடுகிற மேடத்துக்கு, மதியம் மூன்று மணிக்கு யார் எங்கே நிற்பார்கள் என்று தெரியாதா?

மோகன் சார் மட்டும் மிச்சம். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எல்லோருக்கும் வருகை போச்சு, டிப்ளமா போச்சு என்று கணக்குப் போட்டேன். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, தினமும் படிக்கிற மாதிரி பெயரைப் படிக்க ஆரம்பித்தார். ஆங்கில எழுத்து வரிசை. ஒவ்வொரு பெயருக்கும் கட்டத்தைப் பார்த்து அவரே "பிரசென்ட்" சொல்லிக்கொண்டார்.

"இசக்கி... பிரசென்ட்."

அடுத்த பெயருக்குக் கொஞ்சம் நிறுத்தினார்.

"ஜெர்சி... ஆப்சென்ட்."

ஜெர்சி போனுக்கு நெருக்கமாகக் குனிந்தாள். மைக்கை அழுத்திப் பார்த்தாள், வேலை செய்யவில்லை. கையை ஆட்டினாள். பதினான்கு கட்டத்திலும் கை ஆடியது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் நான் அவளிடம் பார்த்ததில்லை.

"அக்கா, நான் இங்கதான கீறேன்?"

"கீற" என்றேன். அந்த ஆளைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல வந்தது. அடிக்க அங்கே ஆள் இல்லை, தலையணையில் சாய்ந்த போன்கள்தான் இருந்தன.

"காவேரி" என்று என் பெயரைப் படித்தார். என் கட்டத்தில் ஜெர்சி அழுதுகொண்டிருந்தாள்.

"பிரசென்ட்" என்றார்.